மூன்றாவது நகல்

முதல் பத்து நிமிஷத்தில் எந்த நகலும் அசல்தான். கடைக்கு வருகிறவர்களிடம் அவள் இதை ஒளிக்காமலே சொல்வாள். கையில் அடித்தவுடன் முகர்ந்துவிட்டு, "அடடா, அதேதாங்க!" என்று வாயைப் பிளக்கிற ஆளைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். "பொறுங்க, சாயங்காலம் வரைக்கும் குளிக்காம இருந்து பாருங்க, அப்பத்தான் யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரியும்" என்பாள். இவ்வளவு விவரமானவள் கல்யாண விஷயத்தில் மட்டும் அந்த முதல் பத்து நிமிஷத்தை நம்பிக் கழுத்தை நீட்டிவிட்டாள்.

அந்தக் கடையில் விற்பதெல்லாம் நகல்தான். பெரிய கம்பெனிகள் கைக்கெட்டாத விலைக்கு விற்கிற சென்ட்டுகளை முகர்ந்து, பிரித்துப் பார்த்து, அதே சாயலில் மலிவாகக் கலந்து தருவார்கள். முன்பக்கம் கண்ணாடியும் விளக்குமாகப் பளபளக்கும். பின்பக்கம் சன்னல் இல்லாத ஓர் அறை, நீள மேசை, சின்னத் தராசு, சொட்டுக்குழாய்கள், பழுப்புச் சீசாக்கள். அங்கேதான் அவள் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டுகிறாள். முதலாளி அவளை மூக்கம்மா என்று கூப்பிடுவார். கூட வேலை செய்கிற பையனுக்குச் சாம்பிராணி என்று பெயர். வாசனைக்காக வைத்த பெயர் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான், யாரும் அவன் நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

அந்த அறைக்கென்று சில பழக்கங்கள் உண்டு. நகலைத் தேற்றுவதற்கு மூன்று பட்டைச் சோதனை வைப்பார்கள். விரல் நீளக் காகிதப் பட்டை மூன்றை எடுத்து, இரண்டில் ஒரே சரக்கையும் ஒன்றில் மற்றதையும் தொட்டு, எது எதுவென்று சொல்லாமல் இன்னொருவர் மூக்குக்கு நீட்டுவார்கள். எது வேறு என்று அவரால் பொறுக்கி எடுக்க முடியவில்லையானால் நகல் தேறிவிட்டது. அப்புறம் கையெழுத்து என்று ஒன்று. கலந்தவர் தன் அடையாளமாக ஏதாவது ஒன்றைக் கடுகளவு சேர்த்துவிடுவார். நாளைக்கு யாராவது வேறு கடைச் சரக்கைக் கொண்டுவந்து, உங்கள் பாட்டில்தான் கெட்டுப்போய்விட்டது என்று சண்டைக்கு நின்றால், முகர்ந்து பார்த்தே வாயை அடைத்துவிடலாம். அவள் சேர்ப்பது வெட்டிவேர் எண்ணெய். வாங்குகிறவருக்கு உயிர் போனாலும் தெரியாது. துணியில் பட்டால் லேசில் போகாது.

பல் டாக்டர் முதன்முதலில் அந்த மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது ஒரு மழைக்காலத்தில். சட்டையில் ஒரு கசங்கல் இல்லை, கண் மட்டும் சிவந்திருந்தது. பாதிக்குமேல் தீர்ந்திருந்த ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தார். பார்த்தாலே தெரிந்தது, அசல்.

"என் வொய்ஃப் தவறிட்டாங்க" என்றார். "பாப்பாவுக்கு நாலு வயசு. அம்மா வாசனை இல்லாம தூங்கவே மாட்டேங்கிறா. தலையணை, போர்வைன்னு எல்லாத்துலயும் தெளிக்க வேண்டியிருக்கு. ஒரிஜினலை வாங்கி மாளாது. நீங்கதான் மனசு வைக்கணும்."

அவள் மனசு வைத்தாள். பொதுவாக அந்த அறையில் யாரும் யாரிடமும், இது யாருடையது, எதற்கு என்று கேட்பதில்லை. சொல்லிவிட்ட ஆளிடம் கேட்க என்ன இருக்கிறது? நாலு வயசுப் பிள்ளையை எப்படிச் சோதிப்பது என்றும் அவளேதான் சொல்லிக் கொடுத்தாள். படுக்கும்போது தலையணையில் அடித்துப் பாருங்கள், முகத்தைத் திருப்பினால் எப்படித் திருப்பினாள் என்று பார்த்து வந்து சொல்லுங்கள், அதற்குத் தகுந்த மாதிரி திருத்தித் தருகிறேன் என்றாள்.

முதல் நகலுக்குக் குழந்தை தலையணையைத் தள்ளிவிட்டாள். "எப்படி வேறன்னு தோணியிருக்கும்? மோந்த உடனேயா, கொஞ்சம் கழிச்சா?" என்று அவள் கேட்டாள். "உடனே. மூக்கச் சுளிச்சா. அப்புறம் தலையணையத் திருப்பிப் போட்டா" என்றார் அவர், நோயாளியின் பல்லைப் பற்றிச் சொல்வதுபோல அத்தனை துல்லியமாக. திருத்தினாள். இரண்டாவதற்குத் தூங்கி, பாதியில் எழுந்து அழுதாளாம். மறுபடியும் திருத்தினாள். மூன்றாவதைக் கொண்டுபோனவர் மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். "தூங்கிட்டா. விடியிற வரைக்கும் அசையல" என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ நகலைத் தேற்றியிருக்கிறாள், இப்படி ஒரு நிறைவு வந்ததில்லை.

மூன்றாவது நகலிலும் குறை இருக்கத்தான் செய்தது. அசல் கடைசியில் சந்தனமும் தோலின் வெதுவெதுப்புமாக அடங்கும். நகலின் அடியில் இருப்பதோ மலிவான செயற்கைக் கஸ்தூரி. பல மணி நேரம் கழித்து அது சோப்பு வாசனையாகத் திரும்பும். ஆனால் அதற்குள் குழந்தை தூங்கியிருக்கும், பிறகு எந்த வாசனை வந்தால் என்ன? அவர் கேட்டபடி அதை அசல் பாட்டிலிலேயே, பழைய அளவுக்கே ஊற்றிக் கொடுத்தாள். பாப்பா பாட்டிலையும் பார்த்துப் பழகியவள், மாறினால் கண்டுபிடித்துவிடுவாள் என்றார். கழுத்துத் தகட்டை நெம்பித் திறந்து, மீதமிருந்த அசலை மாதிரிக்காக ஒரு குப்பியில் வடித்து எடுத்துக்கொண்டு, புதியதை ஊற்றி மறுபடி இறுக்குவது பொறுமை வேண்டிய வேலை. தன் கையாலேயே செய்தாள்.

அப்புறம் சில மாதம் ஆள் தலைகாட்டவில்லை. பிறகு நன்றி சொல்ல வந்தார், அடிக்கடி வந்தார், ஒரு நாள் அவள் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். வயசு முதிர்ந்த நாத்தனாரைக் கட்டிக்கொண்டு மாரடித்த அண்ணிக்குத் தலைபாரம் இறங்கியது. அதை வாய்விட்டே சொன்னாள். கல்யாணம் சிக்கனமாக முடிந்தது. பெண்டாட்டி செத்த தேதியை யார் துருவித் துருவிக் கேட்பார்கள்? ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளும் விட்டுவிட்டாள்.

பல் டாக்டர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. குரலை உயர்த்த மாட்டார். கதவைக்கூட ஓசைப்படாமல்தான் சாத்துவார். பாப்பா படுத்ததும் தினமும் அறை வாசலில் வந்து நின்று, அவள் தூங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். தகப்பன் பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் மாதங்களில் அவளே அந்த மூன்றாவது நகலைக் கழுத்தில் தடவிக்கொண்டு பாப்பாவின் பக்கத்தில் படுப்பாள். செத்தவளின் வாசனையைப் பூசிக்கொள்வது உள்ளூர ஒரு மாதிரி இருந்தாலும், பிள்ளைக்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு நாள் மறந்துவிட்டாள். அன்றைக்கு அவள் மேல் இருந்தது தனக்கென்று கலந்து வைத்திருந்த சொந்தச் சரக்கு. மிளகு, எலுமிச்சை இலை, அடியில் சந்தனம், அவ்வளவுதான். அதற்குப் பெயரும் கிடையாது, எந்தக் கடையிலும் கிடைக்காது. பாப்பா அவள் கழுத்தில் மூக்கைப் புதைத்து, "புது அம்மா, இதுதான் நல்லாருக்கு" என்று சொல்லித் தூங்கிப்போனாள். அன்றிலிருந்து அதுதான். பழைய வாசனை வேண்டாம் என்று பாப்பாவே சொல்லிவிட்டாள்.

இதைக் கணவரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சாப்பிடும்போது சொன்னாள்.

"அப்படியா? உன் வாசனைக்கே தூங்கிடறாளா?" என்று கேட்டார். கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையே பெறாமல் பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் அவள் வேறெதையும் யோசிக்கவில்லை. இந்தப் பிள்ளைதான் அவளுக்கு எல்லாம் என்று ஆகிவிட்டிருந்தது. சட்டப்படி அவளுக்கு எந்த உரிமையும் இல்லை என்பதுகூட அப்போது நினைப்புக்கு வரவில்லை.

செத்தவளின் தங்கை வந்தது அவர் கிளினிக்குக்குப் போயிருந்த ஒரு காலையில்.

"மாமா இல்லையே?" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"இல்லம்மா, உள்ள வா. பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"தெரியும் அக்கா. பாப்பாவப் பாக்க என்னை விடமாட்டாரு. அதான் இந்த நேரமாப் பாத்து வந்தேன்." அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. வாயை இறுக்கி முடிச்சுப் போட்டு, அதை இன்னொரு கவருக்குள் போட்டு, அதற்கும் முடிச்சுப் போட்டிருந்தது. "எனக்கு வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சு. வாரக் கடைசியில கிளம்பணும். இத உங்ககிட்ட குடுத்துட்டுப் போகலாம்னு. அக்காவோட துப்பட்டா."

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். வந்தவள் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனாள். அன்றைக்கு அக்கா துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள், வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். தகவல் கேட்டு ஓடிவந்தபோது எல்லோரும் கீழே கூடி நின்றிருந்தார்கள். தங்கைக்காரி மட்டும் மேலே ஓடினாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. கைப்பிடிச் சுவர்மேல் துப்பட்டா கிடந்தது.

"எடுத்து மடிச்சுக் கட்டினதுதான். அப்புறம் பிரிக்கவேயில்ல. துவைக்கல, யாருக்கும் காட்டல. மாமாவுக்குக்கூடத் தெரியாது. அவ வாசனை அப்படியே இருக்கும். பாப்பா பெருசானா குடுங்க."

"கண்டிப்பாக் குடுக்கறேன்."

"அவளுக்கு அந்த சென்ட்டுன்னா உயிரு அக்கா. ஆனா பாருங்க, கடைசி ரெண்டு மூணு வாரமா ஒரே புலம்பல். காலைல அடிச்சா நல்லாத்தான் இருக்கு, சாயங்காலமானா சோப்பு வாசனை வருதுடின்னா. உன் மூக்குலதான் ஏதோ கோளாறுன்னு நான் கிண்டல் பண்ணேன். மாமாவும் அதையேதான் சொன்னாராம்." வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவி, அவகிட்ட கடைசியாப் பேசினதே அந்தக் கிண்டல்தான்."

"புதுப் பாட்டிலா?" என்று மூக்கம்மா கேட்டாள்.

"இல்லக்கா. எப்பவும் வெச்சிருந்த அதே பாட்டில்தான்."

வந்தவள் போனபிறகு நெடுநேரம் அந்தக் கவரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். தொட்டால்தானே தெரியும், தொடாவிட்டால் ஒன்றுமில்லை என்று ஒரு அசட்டு நம்பிக்கை. பிறகு முடிச்சை அவிழ்த்தாள். பூ வாசனையெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. துவைத்த துணியின் சோப்பு வாசனை லேசாக வந்தது. அதற்கும் கீழே, மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, வெட்டிவேர்.

இருந்தாலும் தொழில் தெரிந்தவள், ஒரே மோப்பத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பயந்த மூக்கு பொய் சொல்லும். துப்பட்டாவின் ஓரத்தில் ஒரு துண்டைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

நகல் ஒன்று தேறியதும் அதைத் துணித்துண்டில் அடித்து, அசலையும் இன்னொரு துண்டில் அடித்து, தனித்தனிக் குப்பியில் போட்டு மூடி வைப்பது அந்த அறையின் வழக்கம். நாள்பட்டால் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்கு. பல் டாக்டருக்காகப் போட்ட இரண்டு குப்பிகளும் அலமாரியில் தூசி படிந்து இருந்தன. மூன்று துண்டையும் மூன்று தட்டில் வைத்து, சாம்பிராணியைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக நீட்டினாள்.

"இதுவும் இதுவும் ஒண்ணு. நம்ம சரக்கு" என்றான். "நடுவுல இருக்கிறது வேற. அது ஒரிஜினல்."

"நல்லாப் பாத்துச் சொல்லுடா. நிச்சயமா?"

"என்னக்கா நீங்க! உங்க வெட்டிவேரு மூஞ்சியிலயே அறையுது. என்னைய என்ன சாம்பிராணின்னு நினைச்சீங்களா?"

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அவன் சேர்த்துவைத்த இரண்டில் ஒன்று துப்பட்டாத் துண்டு. அப்படியென்றால் செத்தவள் சாகிற அன்று அவள் கழுத்தில் இருந்தது இந்த மேசையில் கலந்த மூன்றாவது நகல். அந்த நகல் கேட்டு வந்த மனுஷன், என் வொய்ஃப் தவறிட்டாங்க என்று சொன்னபோது, அந்த வொய்ஃப் வீட்டில் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தாள். தன் பிள்ளையைத் தானே தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் தலையணையில் முதல் நகல் போனது, இரண்டாவது போனது, மூன்றாவது போனது. அவள் இல்லாமலே பிள்ளை தூங்குமா என்று ஒருவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கினாள். அதற்குப் பிறகு அந்தத் தாய் தேவைப்படவில்லை. பாட்டிலில் மட்டும் நகல் மிஞ்சியது. தாயின் மூக்குக்கு அது தேறவில்லை. அவள் வாய்விட்டுச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

முதலில் வந்தது பயமில்லை, அருவருப்பு. தன் கைமேலேயே அருவருப்பு. எப்படி வேறன்னு தோணியிருக்கும் என்று எவ்வளவு அக்கறையாகக் கேட்டாள்! இரண்டாவது நகலோடு கை விரித்திருந்தால் அந்தப் பெண் இன்றைக்கு இருந்திருப்பாளோ என்னவோ. ஏன் செய்தார் என்பது அவளுக்குப் புரியவில்லை, அதைப் புரிந்துகொள்கிற தெம்பும் இல்லை. எப்படிச் செய்தார் என்பது மட்டும் தன் வீட்டுச் சமையலறைபோலத் தெரிந்துவிட்டது.

யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு துப்பட்டாவில் வெட்டிவேர் வாசனை வருகிறது ஐயா என்றால் எந்தப் போலீஸ்காரர் பேனாவை எடுப்பார்? தான் மட்டும் ஓடினால் பிள்ளை அவரிடம் இருப்பாள். அதை நினைத்தபோதுதான் பயம் வந்தது. தங்கைக்காரிக்குப் போன் செய்தாள். "பாப்பாவக் கூட்டிக்கிட்டு உன்கிட்ட வந்துடறேன். காரணத்த நேர்ல சொல்றேன்" என்றாள். "வாங்கக்கா. கதவத் திறந்தே வெச்சிருக்கேன்" என்று பதில் வந்தது.

அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாசலில் இருந்த காவலாளி அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "பாப்பாவோட அப்பா அப்பவே வந்து கூட்டிட்டுப் போயிட்டாரேம்மா."

வீட்டில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அட்டையில் வீடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "இன்னிக்கு கிளினிக்க சீக்கிரம் மூடிட்டேன்" என்றார், தலையைத் தூக்காமல். "யாராவது வந்திருந்தாங்களா? ரெண்டு டம்ளர் இருந்துச்சு."

"பக்கத்து வீட்டம்மா வந்தாங்க."

"ஓ" என்று சொல்லி ஒட்டின கூரையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

காலையில் அவர் கிளம்பியதும் கிளம்பிவிட வேண்டியது, அதுவரை முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது என்று முடிவு செய்தாள். எந்நாளும் செய்வதையே செய்தாள். குளித்தாள். கண்ணாடி முன்னால் நின்று தன் சின்னச் சீசாவை எடுத்துக் கழுத்தில் தொட்டுக்கொண்டாள். மிளகு, எலுமிச்சை இலை. அந்தப் பழகின வாசனையில் கொஞ்சம் மூச்சு வந்தது. போன வாரம் இந்தச் சீசா காணாமல் போய், வீட்டையே புரட்டிப்போட்டும் அகப்படாமல், இன்று காலையில்தான் துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் கிடந்தது என்று அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். நல்லவேளை கிடைத்ததே என்று நன்றிகூடச் சொன்னாள். சமைத்தாள். சாப்பிட்டாள் என்று பேர். பாத்திரம் கழுவினாள். அவர் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் விரல் தன் விரலில் படாமல் வாங்கிக்கொண்டாள்.

பாப்பா படுக்கைக்கு வந்ததும் வழக்கம்போல அவள் கழுத்தில் மூக்கை வைத்து அழுத்தினாள். காலை மேலே தூக்கிப் போட்டாள். அட்டை வீட்டுக்குக் கதவு வைக்க மறந்துவிட்டதாக ஏதோ சொல்ல ஆரம்பித்தவள் பாதி வாக்கியத்திலேயே தூங்கிப்போனாள். அறை வாசலில் நிழல் வந்து நின்றது.

அவள் குனிந்து பிள்ளையின் தலையை முகர்ந்தாள். எண்ணெயும் வியர்வையும். அதோடு, தன் கழுத்திலிருந்து மெல்ல எழும்பி வந்தது சோப்பு வாசனை.

மறுபடி முகர்ந்தாள். அவளுடைய சரக்கில் கஸ்தூரி கிடையாது. அந்தச் செயற்கைக் கஸ்தூரியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது, அதைத் தவிர்ப்பதற்காகவே தனக்கென்று தனியாகக் கலந்துகொண்டவள் அவள். முதல் பத்து நிமிஷம் மிளகும் எலுமிச்சை இலையும் அச்சாக இருந்தன, அவளே ஏமாந்துவிட்டாள். இப்போது அடி தெரிந்துவிட்டது. இது அவள் கலந்ததில்லை. வேறு ஏதோ ஒரு கடையில், வேறு யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து மனசு வைத்துக் கலந்தது. இந்த நகலுக்குப் பிள்ளை ஒரு சுளிப்பும் இல்லாமல் தூங்கிவிட்டாள். வாசலில் நிற்கிறவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. போர்வைக்குள் கையை விட்டு, பிள்ளையின் தொடையைத் தேடிப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கிள்ளினாள்.

பாப்பா வீறிட்டு எழுந்தாள். தூக்கக் கலக்கத்தில் அவளை இரண்டு கையாலும் தள்ளி அடித்தாள். மூச்சு விடாமல் அழுதாள். அப்படி அழுகிற வாயை மூக்கம்மா தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தட்டினாள்.

"என்ன ஆச்சு? தூங்கிட்டாளேன்னு நினைச்சேன்" என்றார் வாசலில் இருந்தபடியே.

"எங்க தூங்கினா? இன்னிக்கு என்னமோ இப்படிப் பண்றா. என் வாசனை பிடிக்கலையாம். வேற மாதிரி இருக்காம்."

அவர் உள்ளே ஓர் அடி வைத்தார். குரலில் கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. அக்கறைதான் இருந்தது.

"எப்படி வேறயாம்? மோந்த உடனேயா, கொஞ்சம் கழிச்சா?"

அது அவளுடைய கேள்வி. அவள் சொல்லிக் கொடுத்தது. இத்தனை வருஷத்தில் எந்த நகலைப் பற்றியும் அவள் பொய்த் தீர்ப்புச் சொன்னதில்லை, முதலாளி கெஞ்சியும் சொன்னதில்லை. பிள்ளையின் முதுகைத் தட்டுகிற கை நிற்காமல் பார்த்துக்கொண்டாள்.

"உடனேயே. இனிப்பு பத்தலன்னு சொல்றா. பூ வாசனை இன்னும் தூக்கலா இருக்கணுமாம்."

அதைச் செய்தால் அந்தச் சரக்கு குட்டிச்சுவராகிவிடும். மிளகு செத்துப்போகும், சந்தனம் முங்கிப்போகும், பிறகு அது யார் கைக்குப் போனாலும் நேராக்க நாளாகும். அவர் தலையை ஆட்டினார். மறந்துவிடக் கூடாது என்பதுபோல ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு சத்தமில்லாமல் பால்கனிக்குப் போனார்.

பாப்பாவின் அழுகை தேம்பலாக அடங்கியது. பிள்ளை அவள் காதுக்குப் பக்கத்தில் கேட்டாள், "நீதானே கிள்ளின?"

"ஆமா கண்ணு. நான்தான். யாருகிட்டயும் சொல்லாத. காலைல சித்தி வீட்டுக்குப் போறோம்."

"எதுக்குக் கிள்ளின?"

அவள் கிள்ளின இடத்தைத் தடவிக் கொடுத்தாள். சன்னல் திறந்திருந்தது. பால்கனியிலிருந்து அவர் குரல் தாழ்ந்து வந்தது. அழுதுவிடப் போகிறவர் மாதிரி தொண்டை கரகரத்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க, இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன். இன்னும் கொஞ்சம் இனிப்பு சேக்கணுமாம்... குழந்தைதான் சொல்றா. ஆமாங்க. அவ அம்மா தவறி ஆறு மாசமாச்சு. இன்னும் மறக்க முடியல அவளுக்கு."